இரங்கல் பக்கத்தில் ரம்மி

எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் வேரூன்றிய குடும்பம். யார் என்ன சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்பார். துடைத்து முடித்ததும் சொன்னவர் கிளம்பிவிட வேண்டும். தன் காலத்துச் சாதனை என்று அவர் மேடைதோறும் சொல்லிக்கொண்டது சங்கத்தின் இணையதளத்தைத்தான். கரியாஹாட் சந்தில் இருக்கும் எங்கள் கூடத்தில் மழைக்கு வாளி வைப்போம். இணையதளத்திலோ அதே கூடம் மாளிகையாக மின்னும். அதற்கு முன்னால் கைகூப்பி நிற்கும் அவர் மாளிகையைவிடப் பெரிதாக இருப்பார்.

நான் மதுரையிலிருந்து வேலைக்காக வந்து ஜாதவ்பூரில் வாடகைக்கு இருப்பவள். இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவதுதான் என் வேலை. பொங்கல் விழாவுக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில், சங்கத்துத் தளத்தின் கருத்துப் பெட்டி ஒரு பழைய பிளகினில், அதாவது தளத்தோடு ஒட்டவைக்கும் துணை மென்பொருளில், ஓடுவதைப் பார்த்தேன். அதில் ஓட்டை இருப்பதை அதைச் செய்தவர்களே அறிவித்து, திருத்திய பதிப்பையும் கொடுத்திருந்தார்கள். பெட்டியில் யாராவது வாழ்த்துக்குப் பதிலாக நான்கு வரி கணினி நிரல் எழுதி அனுப்பினால், அந்தப் பிளகின் அதை வெறும் எழுத்தாகக் காட்டாது. பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசரில் அதை ஓடவிட்டுவிடும். திறப்பவர் செயலாளராக இருந்தால், அவருடைய அதிகாரம் முழுவதும் அந்த நிரலுக்கும் கிடைத்துவிடும்.

விழா முடிந்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், அப்டேட் பட்டனை ஒரு தடவை அமுக்கினாப் போதும். கூட இருந்து காட்டித் தரேன்."

"பாஸ்வேர்டெல்லாம் நான் யாருக்கும் தர்றதில்லையே."

"பாஸ்வேர்டு வேணாம் சார். நீங்களே அமுக்குங்க."

"என் மாப்பிள்ளை பெரிய கம்பெனில இருக்கார். அவர் போட்டுக் குடுத்தது. நம்ம சங்கத்துல என்னம்மா கொட்டிக் கெடக்கு, திருட வர்றதுக்கு?"

பக்கத்தில் இருந்த துணைத் தலைவர் சிரித்தார். செயலாளர் பேசி முடித்ததும் சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது. நான் கிளம்பினேன்.

வெயில் காலத்தில் என் கீழ்வீட்டுக்காரர் காலமானார். கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் பழைய உறுப்பினர். செயலாளர் உடனே தளத்தில் ஓர் இரங்கல் பக்கம் திறந்தார். மாலை போட்ட படம், கீழே கருத்துப் பெட்டி. வந்த செய்திகளைச் சரிபார்த்து வெளியிட அவரே ஒவ்வொன்றாகத் திறந்தார். அவற்றில் ஒன்றுக்குள் நிரல் இருந்தது. அவர் திறந்ததும் அது ஓடி, முன்பின் தெரியாத ஒருவனைத் தளத்தின் நிர்வாகியாக்கிவிட்டது. இறந்தவரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இளித்துக்கொண்டு திறந்து கிடந்த கதவில் நுழைந்தான், அவ்வளவுதான்.

மறுநாள் இறந்தவருடைய மகள் என் கதவைத் தட்டினாள். புனேயிலிருந்து வந்திருந்தாள்.

"நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே? இதைப் பாருங்களேன். அம்மாவுக்குக் காட்டலாம்னு தெறந்தேன்."

அப்பாவின் படம் ஒரு கணம் வந்து மறைந்தது. அடுத்து ரம்மி விளம்பரம். காசு கொட்டும் சத்தம், கண்ணடிக்கும் ஒரு பெண்.

"அம்மா பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டா. 'அப்பா சீட்டே ஆட மாட்டாரேடி'ன்னு கேக்கறா."

அன்று மாலையே கூடத்தில் இரங்கல் கூட்டம். மகள் எழுந்து இதைக் கேட்டாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராக என்னைக் கை காட்டினார்.

"ஓட்டை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தானே? தைமாசமே வந்து என்னை மிரட்டினா."

எனக்குக் கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. சட்டைப் பொத்தானைக்கூட மருமகன் போட்டுவிட வேண்டிய மனிதர், மாட்டிக்கொண்டதும் எவ்வளவு சுறுசுறுப்பாக யோசிக்கிறார்! சுற்றிலும் பார்த்தேன். தையில் அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று மேலே சுற்றும் மின்விசிறி பார்க்கத் தகுந்த பொருளாகிவிட்டது.

"அமுக்கச் சொன்னேன் சார். மிரட்டல" என்றேன்.

மகள் அவரிடம் நிதானமாகச் சொன்னாள்: "மாமா, யார் பண்ணினான்னு அப்புறம் கண்டுபிடிங்கோ. இப்ப பாஸ்வேர்டை இவங்ககிட்ட குடுங்கோ. எங்கப்பாவுக்கு எழுதினதெல்லாம் எனக்கு வேணும்."

அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. என் காதருகே குனிந்து சொன்னார். சங்கத்தின் பெயர், அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. இதைத்தான் இத்தனை நாள் யாருக்கும் தராமல் காத்து வந்திருக்கிறார்.

கூடத்தின் மூலையிலேயே உட்கார்ந்து அந்தக் கள்ள நிர்வாகியை நீக்கினேன், நிரலை அழித்தேன், பிளகினைப் புதுப்பித்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு செய்திகளைப் பிரித்தெடுத்தேன். நிரல் வந்த செய்தி, 'குடும்பத்தினருக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று பிழையில்லாமல் தொடங்கியிருந்தது. துணைத் தலைவருடையதில் இறந்தவரின் பெயர்கூட வேறு. போன வருடம் யாருக்கோ எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தார். மற்ற கமிட்டிக்காரர்கள் அனுப்பியது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய ஒரே வாக்கியம். திருடனாவது தன் செய்தியில் கொஞ்சம் உழைத்திருந்தான்.

அடுத்த வாரம் தளத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: 'தொழில்நுட்பக் கோளாறு செயலாளரின் மேற்பார்வையில் சீர்செய்யப்பட்டது.' படித்துவிட்டு, என் உறுப்பினர் பெயரை நீக்கச் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

செய்திகளை அச்செடுத்துக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோனபோது அந்த அம்மா சோபாவில் இருந்தார். தமிழில் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, வங்காளியில் இருந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்தார். மூன்றாவது மாடியில் இருக்கும், நாங்கள் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் வங்காளிப் பெரியவர் எழுதியது. குளிர்காலம் முழுக்க மொட்டை மாடியில் வெயில் விழும் இடத்தில் தன் நாற்காலியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவாராம் கீழ்வீட்டுக்காரர்; 'இனி அந்த இடம் முழுக்க எனக்குத்தான், எனக்கு வேண்டாம்' என்று காக்கு எழுதியிருந்தார்.

அந்த அம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"அந்த நாற்காலி மாடிலதான் கெடக்கா? கொண்டுபோய் அவாத்துலயே குடுத்துடுங்கோ" என்றார்.

நானும் மகளும் மொட்டை மாடிக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு காக்கு வீட்டுக்குப் படி இறங்கினோம்.