புளியமரத்திலிருந்து பேசிய பேச்சு

எழுபதுகளின் நடுவில், மோகனூரில், என் சுயசரிதையை எழுத உட்கார்ந்தேன். விடுதலைப் போராட்டக் காலத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு நான்தான் தலைவன். எழுதி வையுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். முடியாது என்பதுபோல் கொஞ்சம் நடித்துவிட்டு, மறுநாளே நோட்டு வாங்கிவிட்டேன்.

முதல் அத்தியாயம் புளியமரம். இருபத்து மூன்று வயதில், சந்தை நாளன்று, சந்தைப்பேட்டைப் புளியமரத்தில் ஏறிக் கொடியைக் கட்டினேன். மேலிருந்தபடியே மூன்று மணி நேரம் பேசினேன். கூட்டம் கூடியது. போலீஸ் வந்து கைது செய்தது. ஆறு மாதம் சிறை. வெளியே வந்தபோது மாலையோடு நின்றவர்கள் என்னைத் தலைவரே என்று கூப்பிட்டார்கள். ‘அஞ்சாத சிங்கம்போல் கிளைமேல் நின்று கர்ஜித்தேன்’ என்று எழுதியிருந்தேன்.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“ஏனுங்க, போன மாசம் ஓடு மாத்த ஏணியில நாலு படி ஏறுனதுக்கே தலை சுத்துதுன்னீங்க. அன்னிக்கு எப்படீங்க மூணு மணி நேரம் நின்னீங்க?”

“அப்ப வயசு, அம்மணி.”

“நம்ம கண்ணாலமான வருசம் மச்சுல ஏறமாட்டேன்னு அடம் புடிச்சீங்களே, அப்ப என்ன வயசுங்க?”

அவளை நம்பவைக்கச் சாட்சியைக் கூப்பிட்டேன். ஜலகண்டாபுரத்தில் தறி நெய்கிற நண்பர் ஒருவர். அன்று மரத்தடியில் நின்று கோஷம் போட்டவர், என்னோடு சிறைக்கும் வந்தவர். கார்டு போட்ட நாலாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாப்பாடு முடிந்ததும் அத்தியாயத்தை உரக்க வாசித்தேன். கர்ஜனை வந்த இடத்தில் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணி எனக்கும் கண் கலங்கியது.

“அவரு சிரிக்கறாருங்க” என்றாள் மனைவி.

நண்பர் துண்டை எடுத்தார். “கோவிச்சுக்காதீங்க தலைவரே. எறங்கத் தெரியாமத்தானுங்களே நின்னீங்க?”

நோட்டை மூடினேன். அது யாருக்கும் தெரியாது என்று நாற்பது வருடத்துக்கு மேல் நம்பியிருந்தேன். ஏறியதென்னவோ வேகமாகத்தான் ஏறினேன். கொடியைக் கட்டிவிட்டுக் கீழே பார்த்ததும் கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. சும்மா நின்றால் மானம் போகும் என்றுதான் பேச ஆரம்பித்தேன். உப்பு தீர்ந்தது, வரி தீர்ந்தது, கள்ளுக்கடை தீர்ந்தது. மறுபடி உப்பிலிருந்து தொடங்கினேன். கடைசியில் போலீஸ்காரர் ஒருவர் ஏணி கொண்டுவந்து, என் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்து இறக்கினார். என்னை வதைக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் கொதித்தது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மேல நீங்க ‘ஐயோ, அம்மா’ன்னது எனக்குக் கேட்டுதுங்க. சனத்துக்குக் கேக்கக் கூடாதுன்னு தொண்டை கிழியக் கோசம் போட்டேன். அதுக்குத்தானே என்னையும் புடிச்சாங்க.”

ஆறு மாதம் ஒரே அறையில் படுத்துக் கிடந்தோம். அவர் ஒரு வார்த்தை விட்டதில்லை.

“ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

“நீங்க கேக்கலீங்களே.”

மனைவி பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். “இதை எழுதுங்க.”

நண்பர் பதறிப் போனார். தலைவர் பேர் கெட்டுவிடும் என்று அவளோடு வாதாடினார். பாதி நேரம் நானும் அவர் கட்சிதான். அவள் அசையவில்லை. சிங்கத்தைப் பேனாவால் அடித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

புத்தகம் வந்தபோது ஊர்ப் பள்ளியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்த அத்தியாயத்தை நானே வாசித்தேன். ‘மறுபடி உப்பு’ என்ற இடத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கோஷம் போட்டவர் இவர்தான் என்று நண்பரைக் காட்டியதும் கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. அவ்வளவு கைதட்டல் என் ஆயுளில் எனக்குக் கிடைத்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நானும் எழுந்து தட்டினேன். அவரோ எங்கே பார்ப்பதென்று தெரியாமல், போட்டிருந்த புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.