அத்தானின் மெத்தை சீற்

பெற்றோல் தடை இருந்த காலம். வன்னியில் எங்கள் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். போய்ச் சேரும்வரை எஞ்சினை நிறுத்த மாட்டோம்.

அத்தான் தன் வண்டியைச் சொகுசாக்கியிருந்தார். அரையடி உயரத்துக்குப் பஞ்சு மெத்தை, கால் வைக்கப் பலகை, காற்றுத் தடுக்க முன்னால் ஒரு பிளாஸ்ரிக் தகடு. என்னுடையதில் மட்கார்ட்கூட இல்லை. சீற் இருந்த இடத்தில் மடித்த சாக்கு. ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ஏறும். அதுதான் ஓட்டம் என்பது என் கட்சி.

"அத்தான், ஒரு தலையணையும் கட்டுங்கோவன், படுத்துக்கொண்டே ஓடலாம்."

"எட்டாம் வகுப்போடை நிண்ட உனக்குச் சாக்குத்தான் சரி."

அக்காவுக்கு அன்று பத்து மணிக்கு முல்லைத்தீவில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். பஸ் வராமல் ஏற்கெனவே ஒன்றைத் தவறவிட்டிருந்தாள். நெடுங்கேணியிலிருந்து அத்தானின் மெத்தையில் ஏறினாள். துணைக்கு நான் என் வண்டியில் பின்னால்.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் அத்தானின் பின் சில்லு சப்பளிந்து ஓடுவதைக் கண்டேன். பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"அத்தான், காத்துப் போட்டுது!"

"ஓமோம். நேற்று செயின் கழண்டுது எண்டு சொன்னாய். முந்தநாள் சைலன்சர் விழுந்திட்டுது எண்டு சொன்னாய். எல்லாம் பொய். போடா!"

குலுக்கத்தை விழுங்கிய மெத்தையும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. றிம் கல்லில் இடித்த பிறகுதான் நிறுத்தினார். டியூப் நார்நாராகக் கிடந்தது.

அக்கா என் சாக்கைப் பார்த்தாள்.

"போன மாசம் உதிலை வந்து மூண்டு நாள் இருக்கேலாமல் கிடந்தனான். மெத்தையைக் கழட்டி இதிலை கட்டு."

"என்ரை வண்டியிலையோ? பெடியள் சிரிப்பாங்கள்!"

"சிரிக்கட்டும். நான் நடந்தாவது போவன்."

சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நடக்கவே தொடங்கிவிட்டாள். என் எஞ்சின் நின்றுவிடாமல் அத்தான் அக்சிலேற்றரைப் பிடித்துக்கொள்ள, நான் மெத்தையை அறுத்தெடுத்துப் பின்னால் கட்டினேன். சாக்கும் அதற்கு அடியில் போய்விட, முன்னால் எனக்கு வெறும் இரும்பு.

அத்தானை அங்கேயே விட்டு, நடந்துகொண்டிருந்த அக்காவை எட்டிப் பிடித்து ஏற்றினேன். இன்று கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்தேன். பள்ளம் வருமுன் கத்துவேன். அவள் நேர்முகத்துக்கு வாசித்துக்கொண்டு வந்த கொப்பியை மூடி என் தோளைப் பிடிப்பாள். பிறகு திறந்து வாசிப்பாள். ஒருமுறைகூட நான் சும்மா கத்தவில்லை.

பத்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். அக்கா இறங்கிக் கேட்டாள்:

"சேலை கசங்கிப் போச்சோ?"

"இல்லையக்கா."

"பகிடியோ?"

"சத்தியமா இல்லை."

என்னை ஒருகணம் பார்த்தாள். குனிந்து சேலையைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

எஞ்சினை நிறுத்தினேன். திரும்ப ஸ்ரார்ட் பண்ண வேண்டிய பெற்றோல் போத்தல் அத்தானின் சேட்டுப் பையில் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரி, வரும்போது தள்ளுவோம். சுற்றிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் ஒருவருமில்லை. மெல்லப் பின்னுக்கு நகர்ந்து மெத்தையில் உட்கார்ந்தேன்.

பொய் சொல்லக்கூடாது. நல்லாய்த்தான் இருந்தது.