வாய்க்குள்ள என்ன சொல்ற?

முந்தின நாள் கல்யாணத்து ரச வாசனை... அதற்கு மேல் பிளீச்சிங் பவுடர் நெடி. திண்டுக்கல்லில் நான் முதன்முதலாக யோகா சொல்லிக்கொடுத்த இடம் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். முகூர்த்த நாளென்றால் வகுப்பு கிடையாது.

வந்தவர்கள் எல்லாம் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள். எல்லா மதமும் உண்டு. பிள்ளைகளுக்குள் ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

ஒருவர் செல்வியின் அம்மா, சின்னாளப்பட்டியில் தறி நெய்கிறவர். இன்னொருவர் ரஹ்மத்தின் அத்தா, டயர் கடைக்காரர். நானோ ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், கழுத்தில் சிலுவை வேறு. வேதக்காரப் பொண்ணுக்கு யோகாவில் என்ன வேலை என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். யோகா என்ற பேரில் சாமி கும்பிட வைத்துவிடுவேனோ என்று அத்தாவுக்குச் சந்தேகம். இவர்களை யாராவது வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்!

அந்த இரண்டு பேரும் பிள்ளைகளை நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்திவிடுவார்கள். என் முதல் வேலை அதோடு காலி.

ஒருநாள் பிள்ளைகள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, செல்வியின் அம்மா விருட்டென்று எழுந்து வந்தார்.

"ஏம்மா, புள்ளைகளக் கண்ண மூடச் சொல்லிட்டு நீ வாய்க்குள்ள என்னமோ சொல்றியே... என்ன அது, ஜெபமா?"

"ஜெபமா? நான் மந்திரம்னுல்ல நெனச்சேன்!" அத்தாவும் எழுந்துவிட்டார்.

அட கடவுளே! நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் எண்ணினாலும் எனக்கு உதடு அசைந்துவிடும். சொன்னேன்... நம்பவில்லை.

"நானே படுத்துப் பாக்குறேன். சத்தமா எண்ணு." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகள் பக்கத்தில் படுத்துவிட்டார்.

எண்ணினேன். செத்த நேரத்தில் குறட்டைச் சத்தம்...

பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். செல்விக்கு முகமே செத்துப்போச்சு. அம்மாவை உலுக்கப் போனவளை அத்தாதான் தடுத்தார்.

"எழுப்பாதம்மா. தறியில உக்காந்து உக்காந்து அசந்து போயிருக்கும். தூங்கட்டும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க எண்ணுங்க டீச்சரம்மா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

யாரும் பிள்ளையை நிறுத்தவில்லை. நாற்காலிகளும் கடைசிவரை காலியாகவில்லை. அந்தப் பார்வைகளை நான் அம்புட்டு வெறுத்தேன்...

இப்போது ஏசி ஹால், வழவழப்பான தரை. போன வாரம் புதிதாக ஒரு பெண்பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்கினார் அவளுடைய அப்பா.

"உள்ள வந்து பாருங்க சார்."

"இருக்கட்டும் மேம், லேட்டாயிருச்சு. நீங்க பாத்துக்கங்க."

கண்ணாடி ஏறியது, வண்டி போய்விட்டது. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை மனுஷன். எனக்குச் சுருக்கென்றது.

"நான் யாருன்னு வீட்டுல சொன்னாங்களாம்மா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"இல்லையே மேம்... நீங்க யாரு?"