இருமல் கேட்கும் மூலை

மந்தாரோ பள்ளத்தாக்கின் ஞாயிற்றுச் சந்தையில் எர்மெலிந்தா நாக்கைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு பன்றியும் கைமாறாது. பன்றியைச் சாய்த்து, பல்லுக்கு நடுவே கட்டையைக் கொடுத்து, துணியால் நாக்கை இழுத்து, அடிப்பக்கம் கட்டைவிரலை ஓட்டுவாள். வழுவழுவென்று இருந்தால் "ஓட்டிட்டுப் போ" என்பாள். விரலில் உருண்டை நெருடினால் "மணி போட்டிருக்கு" என்று கையை உதறிவிடுவாள். அதற்குமேல் விற்க வந்தவன் காலில் விழுந்தாலும் பேச்சுக் கிடையாது. புருஷனைக்கூட அவள் நாக்கை நீட்டச் சொல்லித்தான் கட்டிக்கொண்டாள் என்று சந்தையில் கேலி பேசுவார்கள்.

மணி போட்ட பன்றியை யார் வாங்குவார்? கொண்டு வந்தவனே வீட்டில் அறுப்பான். பார்த்த கூலியாக அவளுக்கும் ஒரு துண்டு வரும். எறிய மனம் வராது. உப்புப் போட்டு வறுக்கும்போதே சட்டியோரம் நின்று அரைவேக்காட்டில் தின்றுவிடுவாள். மகள் நைதாவுக்கு மட்டும் அதில் ஒரு துணுக்குத் தரமாட்டாள். அவளுக்கு நல்ல கறி; இல்லாவிட்டால் அவித்த உருளைக்கிழங்கு. அதையும் தானே உரித்து, ஊதி, கையில் வைப்பாள். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கிழங்கு உரிக்கத் தெரியாதா என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், பெற்றவளுக்குத்தான் அந்த ஆசை தெரியும்.

புருஷன் ஃபொர்துனாத்தோ காசநோயில் போனவர். மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு, அடுப்படி மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமி இருமியே செத்தார். ஐந்தாம் நாள் இறந்தவரின் துணிமணி எல்லாவற்றையும் ஆற்றில் அலச வேண்டும். அப்போதுதான் ஆள் வீட்டை விட்டுக் கிளம்புவார். எல்லாவற்றையும் அலசினார்கள், கம்பளியைத் தவிர. அப்பா வாசனை போய்விடும் என்று நைதா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எர்மெலிந்தாவும் போனால் போகிறது என்று விட்டாள்.

இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த நைதா தலையைத் திருப்பினாள்.

"அம்மா, அப்பா இருமுறாரு."

"எங்கடி?"

"அந்த மூலையில. உனக்குக் கேக்கலையா?"

சொல்லி வாய் மூடவில்லை. உதடு ஒருபக்கம் இழுத்தது, கை வெட்டியது, சோளத்தின் மேலேயே சரிந்தாள். அன்றிலிருந்து அந்த மூலைப் பக்கம் முதுகைக் காட்ட எர்மெலிந்தா பயந்தாள். ஒவ்வொரு முறையும் இதே மாதிரிதான். முதலில் இருமல், பிறகு இழுப்பு.

ஃபொர்துனாத்தோவின் தங்கை கிளோதில்தே வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அலசாத துணிய வீட்டுல வச்சிருந்தா எங்கண்ணன் எப்படி அண்ணி போவாரு? மகளையும் கூட்டிட்டுத்தான் போவாரு."

"வாயக் கழுவுடி!"

வைதாளே தவிர, மறுநாளே மகளின் தொப்பியை வீசி வீசி, "வா நைதா, வீட்டுக்கு வா" என்று, பயத்தில் விலகிப்போன அவள் உயிரை ஆற்றங்கரையில் கூவி அழைத்தாள். கம்பளியைத் தண்ணீரில் விட்டாள். "செத்தும் எம்புள்ளைய விடமாட்டியா, பாவி?" என்று புருஷனை வாயில் வந்தபடி திட்டினாள். நைதா கரையில் உட்கார்ந்து அழுதாள்.

இழுப்பு நிற்கவில்லை. அடுத்தது வந்தபோது நைதாவுக்கு வெகுநேரம் நினைவு திரும்பாததால் வான்காயோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலைந்து நாள் சோதனைக்குப் பிறகு, டாக்டர் ஒபிலியா எர்மெலிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு மூளையின் படத்தைக் காட்டினார்.

"நாலு வளையம் தெரியுதா? காசநோய்க் கட்டியும் இப்படித்தான் தெரியும், புழுக்கட்டியும் இப்படித்தான் தெரியும். அப்பா காசநோயில போனதால அதைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன். ஆனா நெஞ்சுல ஒண்ணும் இல்ல, முதுகுத்தண்டு நீரும் சுத்தம். இந்த வளையத்துக்குள்ள ஒரு புள்ளி இருக்கு பாருங்க. அது புழுவோட தலை. பன்னியோட நாக்குல நீங்க பாக்குற அதே மணிதான்."

"மணி போட்ட கறிய அவ கண்ணுலகூடக் காட்டினதில்ல டாக்டரம்மா! நான்தான் தின்பேன்."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"கறி தின்னவங்க குடல்ல நாடாப்புழு வளரும். வெளிக்குப் போறப்ப அதோட முட்டை அவங்க கையில ஒட்டும். அந்தக் கையால சாப்பாடு குடுத்தா, முட்டை பொரிஞ்சு சாப்பிடறவங்க மூளைக்குப் போயிடும். வீட்டுல சோறு யாரு போடறது?"

எர்மெலிந்தா தன் கையைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. சோதித்ததில் புழு அவள் வயிற்றில்தான் இருந்தது. ஒரே வேளை மருந்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது.

நைதாவுக்கு அப்படி இல்லை. மூளை வீங்காமலிருக்க ஒரு மருந்து, புழுவைக் கொல்ல ஒரு மருந்து, இழுப்புக்கு நீண்ட நாள் மாத்திரை. "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். காரணத்தை எர்மெலிந்தா யாரிடமும் சொல்லவில்லை. செத்தவர்மேல் கிடந்த பழி அப்படியே கிடந்தது. வெட்கம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

இழுப்பு நின்றது. ஆனால் நைதா முகம் வாடிக்கொண்டே வந்தது. ஒரு காலையில், அடுப்படியில் வளரும் கினிப்பன்றிகளின் புல்லை எர்மெலிந்தா மாற்றும்போது அதற்கடியில் நைதாவின் மாத்திரைகள் கிடந்தன.

"என்னடி இது?"

"இதைத் தின்னா அப்பா வரமாட்டேங்கிறாரு."

"மறுபடி இழுக்குமேடி! செத்துப்போவ!"

"கம்பளியையும் நீ ஆத்துல விட்டுட்ட. அந்த இருமலாவது எனக்கு இருக்கட்டும்மா."

இதற்குமேல் மறைத்தால் மகள் போய்விடுவாள். எர்மெலிந்தா தரையில் உட்கார்ந்தாள்.

"அது உங்கப்பா இல்லடி. மூளையில உக்காந்த புழு பண்ற சத்தம். அந்தப் புழு என் வயித்துலேர்ந்து வந்தது. உனக்குக் கிழங்கு உரிச்சுக் குடுத்தேனே, இந்தக் கையிலேர்ந்து வந்தது."

நைதா அம்மாவின் கையையே பார்த்தாள்.

"அப்ப அப்பா ஒருநாளும் வரலையா?"

"வரல."

நைதா புல்லிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். துடைத்து விழுங்கினாள். அடுப்பில் வெந்த கிழங்கில் ஒன்றை எடுத்துத் தானே உரித்தாள். சுட்டது. எர்மெலிந்தா கை நீட்டவில்லை.

"அப்புறம் ஏம்மா அவரை ஆத்தங்கரையில அப்படித் திட்டின?"

மகள் வெளியே போன பிறகு எர்மெலிந்தா அந்த மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு தடவை இருமேன்யா" என்றாள். "மன்னிப்புக் கேக்கணும்."

கினிப்பன்றிகள் புல் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.