செவுள் சிவந்த கதை

எட்டு வயதில் நான் ஒரு துரோகம் செய்தேன். ஆனால் அதைத் துரோகம் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்கிறாள் அத்தை. பி.எஸ்ஸி. வரைக்கும் வந்ததெல்லாம் அவள் கணக்கில் சேராது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பக்கத்துக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குப்பம் சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரன் கோட்டைச் சுவருக்குக் கிழக்கே. அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனை அம்மாவும் அத்தையும் கூடையில் அடுக்கித் தலையில் ஏற்றித் திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்பார்கள். அத்தை அப்பாவின் அக்கா. மாமாவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து தங்கியவள். வீட்டில் அப்பா காற்றைப் பற்றியும் வலையைப் பற்றியும் பேசுவார். பாக்கி எல்லாவற்றையும் அத்தை பேசுவாள்.

தம்பி பிறந்த பிறகு அம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பாள். யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்பின் ஓரத்திலிருந்து மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். நான் பார்த்துவிட்டால் எனக்கும் ஒரு கிள்ளு. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமான பலகாரம் என்று நினைத்திருந்தேன். இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். இரத்தசோகை உள்ளவர்களுக்கு மண் தின்னத் தோன்றும் என்று பாடத்தில் ஒரு வரி வந்தபோது வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன். பேராசிரியர் வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன்.

ஒரு நாள் திருக்கழுக்குன்றத்தில் வாடிக்கையாக மீன் வாங்கும் டீச்சரம்மா வீட்டு வாசலில் அம்மா கூடையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சரம்மா தண்ணீர் தெளித்து, முகத்தைப் பார்த்து, நேராகச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லி அனுப்பினாள். அம்மா வீட்டுக்கு வந்து அதை மெதுவாக அத்தையிடம் ஆரம்பித்தாள். அத்தை முடிக்க விடவில்லை.

"பொம்பளைக்குத் தல சுத்தறதும் கடலுக்கு அலை அடிக்கறதும் ஒண்ணுதான்மே. அதுக்கெல்லாம் எவளாவது பஸ் ஏறுவாளா?"

அத்தை கொடுமைக்காரி இல்லை. அவளுக்கும் தலை சுற்றும். அவள் போனதில்லை, அவ்வளவுதான். எங்கள் குப்பத்தில் தன் உடம்புக்காக ஒரு பெண் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்ததாகச் சரித்திரமே கிடையாது. பிள்ளைக்கு ஜுரம் என்றால் இறக்கலாம். புருஷனுக்குக் காலில் முள் என்றால் இறக்கலாம். சாமிக்கு என்றால் கேள்வியே இல்லை, யாரும் வாயைத் திறக்க முடியாது.

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், தனக்கு ஒரு வேண்டுதல் இருப்பதாகவும், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஒன்பது சனிக்கிழமை விரதம் இருந்து வருவதாகவும் அறிவித்தாள். அத்தை உடனே கையெடுத்துக் கும்பிட்டாள். சனிக்கிழமைக் கூடையை மொத்தமாகத் தானே சுமப்பதாகவும் தம்பியையும் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். கல்யாணமான பெண் தனியாகப் பஸ்ஸில் போகக்கூடாது என்பதால் துணைக்கு நான். பெருமாள் விஷயம் என்பதால் எனக்கும் விரதம்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டுமானால் செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் மாறவேண்டும். நாங்கள் இறங்கினோம். மாறவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு வரிசையின் வாலில் நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தபோது எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா அம்மாவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். மீன் விற்பதாக அம்மா சொன்னாள்.

"விக்கிறது சரி. திங்கறது யாரு?"

அம்மா சிரித்து மழுப்பினாள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். நல்ல மீன் சந்தைக்கு, நடுத்துண்டு அப்பாவுக்கு, வால் துண்டு எங்களுக்கு, சட்டியைச் சோறு போட்டு வழிப்பது அம்மாவுக்கு. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது, வாராவாரம் வந்து இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொள்ளவேண்டும், முட்டையும் ஈரலும் கீரையும் சாப்பிடவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். அம்மா கெட்டிக்காரி. எத்தனை வாரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒன்பது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். டாக்டரம்மா எட்டு என்றாள். ஒரு வாரம் மிச்சம்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அம்மா பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அங்கே வண்டிக்காரனிடம் அவித்த முட்டை இரண்டு வாங்கி, மிளகுத்தூள் போட்டு, நின்றபடியே ஒன்றைத் தின்றாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். எனக்குக் கை வரவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை, விரதம் என்றேன்.

"பெருமாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அத்த கேட்டா கோயிலுன்னு சொல்லு. பொய் ஒண்ணும் இல்ல, பஸ்சு அந்தப் பக்கந்தான போவுது."

பிறகு பூக்காரியிடம் துளசி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் அத்தை அந்தத் துளசியைக் கண்ணில் ஒற்றி, அப்பாவின் தலையில் கொஞ்சம் வைத்து, வலையிலும் இரண்டு இலையைச் செருகினாள். அன்று நல்ல மீன் கிடைத்திருந்தது. துளசியின் மகிமை என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் பேஜார் அங்கேதான் ஆரம்பித்தது. சிங்கப்பெருமாளுக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு, ஐயர் நாமத்தைத் தூக்கித் தீபம் காட்டினால் தெரியும் என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தாள். இரண்டு கண் இருக்கும் சாமியை எப்படியோ ஏமாற்றலாம். மூன்று கண்காரரை எப்படி? போதாததற்கு, எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஆண் கடலில் இருக்கும்போது கரையில் இருக்கும் பெண் சுத்தமாக இருக்கவேண்டும். அவள் சாமிக்குச் சொன்ன சொல்லில் தப்பினால் அது தண்ணீரில் இருப்பவன் தலையில் விடியும். மாமா திரும்பாத அன்று அத்தையிடம்கூட யாரோ கேட்டார்களாம், நீ என்ன தப்பு செய்தாய் என்று.

ஐந்து சனிக்கிழமை ஓடியது. ஐந்து ஊசி, ஐந்து முட்டை. மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கும் ஒன்று உள்ளே போனது. நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, வாசனை அப்படி. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கரைக்கு ஓடி அப்பாவின் கட்டுமரம் மணலில் கிடக்கிறதா என்று பார்ப்பேன். கிடக்கும். மூச்சு வரும்.

ஆறாவது சனிக்கிழமை கிடக்கவில்லை.

அப்பாவோடு போன இன்னும் இரண்டு மரங்களும் வரவில்லை. முற்பகலிலேயே திரும்பியிருக்க வேண்டியவர்கள். திடீரென்று தெற்கிலிருந்து காற்று அடித்ததாகப் பேசிக்கொண்டார்கள். கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. பெருமாளை வேண்டிக்கொண்டிருந்தாள். என் வாயில் இன்னும் மிளகுத்தூள் காரம் இருந்தது.

என்னால் முடியவில்லை. அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோயிலுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை, துளசி கடைத் துளசி, அம்மா முட்டை தின்றாள், நானும் தின்றேன், ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம். அழுதுகொண்டே சொன்னதால் சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கரையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

பின்னால் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள்.

"புருசன் தண்ணில கீறாரு, இவ முட்ட தின்னுகினு வர்றா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷனும் அந்த மரங்களில் ஒன்றில்தான் இருந்தான். ஆகையால் அவள் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம்.

அம்மா ஓடி ஒளியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். துளசியை எடுப்பாள் என்று நினைத்தேன். நான்காக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

"ரத்தம் பாதிதான் கீதாம், அண்ணி. இன்னும் ரெண்டு ஊசி பாக்கி. சாமிக்குன்னு சொன்னா உடுவீங்க, எனக்குன்னு சொன்னா உடுவீங்களா?"

அத்தை தம்பியை என்னிடம் கொடுத்தாள். கையைக் காலியாக்குகிறாள், அறை விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் அம்மாவின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து உள்ளே பார்த்தாள்.

அந்தக் கட்டைவிரலை எங்கள் கரையே அறியும். மீன் ஏலத்தில் அத்தை செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். சிவப்பாக இருந்தால் இன்று பிடித்தது, வெளுத்திருந்தால் பழசு. செவுளுக்கு ரத்தக்குழம்பு பூசிக் கொண்டுவந்த ஆளைக்கூட அவள் கண்டுபிடித்து விரட்டியிருக்கிறாள்.

"இன்னாமே இது, மூணு நாளு மீனாட்டம் வெளுத்துகினு கீது."

"இப்ப தேவல அண்ணி. ஊசிக்கு முன்னாடி பாத்திருந்தா நீங்களே தூக்கிப் போட்டிருப்பீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். கடலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, என்னுதையும் கொஞ்சம் பாருக்கா என்றாள். அத்தை பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அடுத்தவள் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். காத்திருக்கிற நேரத்தில் வேறு என்ன செய்வது? ஒருத்தி இமையை ஒருத்தி இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் அவ்வளவு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த தலைசுற்றல், மூச்சு வாங்கல், தீராத உதிரப்போக்கு எல்லாம் அந்த மணலில் அன்று வெளியே வந்தன. ஒருத்தி மெல்லிய குரலில், அடுப்பு மண் தின்னத் தோன்றுமா உனக்கு என்று இன்னொருத்தியிடம் கேட்டதை நான் கேட்டேன். எங்கள் பலகாரம் எப்படி வெளியே தெரிந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொழுது சாய்வதற்குள் மூன்று மரமும் வந்துவிட்டன. காற்று அவர்களை மாமல்லபுரம் பக்கம் தள்ளிவிட்டதாம். அங்கேயே கரையேறி, மீனை விற்று, டீயும் வடையும் சாப்பிட்டு, காற்று தணிந்ததும் வந்திருக்கிறார்கள். கரையில் பெண்கள் வரிசையாக இமையை இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கண் நோய் வந்துவிட்டதோ என்று அப்பா பயந்துபோனார்.

அத்தை அவருக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். காற்று, வலை இரண்டையும் தவிர வேறு எதைப் பற்றியும் பேசிப் பழக்கமில்லாத மனிதர். கடைசியில், முட்டை நல்லா கீதா என்று மட்டும் கேட்டார். அம்மா தலையாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. சாமி குத்தம் என்ன ஆவது என்று கேட்டாள். அத்தை தீர்ப்புச் சொன்னாள்.

"அவருக்கு மூணு கண்ணு. ஆறு வாரமா பாத்துகினுதான் இருந்தாரு. பாத்துட்டும் ஆளுங்கள முழுசா அனுப்பிவச்சாருன்னா, அவருக்குச் சம்மதம்னுதான அர்த்தம்?"

அடுத்த சனிக்கிழமை எங்கள் குப்பத்திலிருந்து ஏழு பெண்கள் பஸ் ஏறினார்கள். எல்லோருக்கும் திடீர் வேண்டுதல். எங்கே கூட்டமாக என்று கண்டக்டர் கேட்டதற்கு, சிங்கப்பெருமாள் கோயில் என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொல்லி, செங்கல்பட்டுக்கு டிக்கெட் வாங்கினார்கள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா முட்டை தின்னாமல் காவல் பார்க்கத்தான் அவள் வருகிறாள் என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் அவளும் நின்றபோது, நமக்காக இடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அன்று குப்பத்தில் ஆண்கள் கஞ்சி காய்ச்சி, மீனைக் கரையிலேயே வந்த விலைக்குத் தள்ளினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கஞ்சி தீய்ந்துவிட்டதாம்.

எட்டாவது வாரத்தோடு ஊசி முடிந்தது. ஒன்பதாவது சனிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் இறங்கி, நிஜமாகவே பஸ் மாறினாள்.

பாறையைக் குடைந்த கோயில். உள்ளே இருட்டும் எண்ணெய் வாசனையும். கூட்டம் இல்லை. ஐயர் சாமியின் நெற்றியில் இருந்த நாமத்தை ஒரு விரலால் தூக்கித் தீபத்தைக் கிட்டே கொண்டுபோனார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு பார்த்தேன். இருந்தது. அத்தை சொன்னது போலவே மூன்றாவது கண்.

பக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையெடுத்துக் கும்பிடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சாமியை நேருக்கு நேராகப் பார்த்தபடி, ஒரு அடி முன்னால் போய், தீப வெளிச்சத்தில் முகத்தை நிமிர்த்தி, ஆட்காட்டி விரலால் தன் கீழ் இமையை நன்றாக இழுத்துக் காட்டினாள்.

அவ்வளவு பெரிய சாமிக்கு அம்மா அழகு காட்டுகிறாளே என்று பதறிப்போனேன். இந்தத் தடவை நான் யாரிடமும் சொல்லவில்லை.