நாத்தனார் சூனியக்காரி ஆன கதை

வீடியோ கேமில் கதாநாயகன் கோடாலியை ஓங்கிப் போட்டதும் பீப்பாய் ஒன்று சுக்குநூறாகச் சிதறுமே, அதைச் செய்தது யார் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா? அவள்தான் செய்தாள். கடல் தாண்டி இருக்கிற பெரிய கம்பெனிகள் ராஜாவையும் டிராகனையும் தாங்களே வைத்துக்கொண்டு, பீப்பாய், பெட்டி, பிய்ந்த செருப்பு வகையறாவை அவளுடைய ஆபீசுக்குத் தள்ளிவிடும். வேலைக்குச் சேர்ந்த நாளாக அவள் கணினியில் பீப்பாய் செய்துகொண்டிருந்தாள். ஆபீசில் பெயரே பீப்பாயக்கா. ஆள் என்னவோ ஊசி மாதிரிதான் இருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் முகம் செய்யும் யோகம் அடித்தது. சதுப்பு நிலத்துச் சூனியக்காரி.

"இது சரியா வந்தா இனிமே உனக்கு முகம்தான்மா. சொதப்பினா பழையபடி பீப்பாய்தான்" என்றார் மேனேஜர்.

சூனியக்காரிக்கு எங்கே போவது? மாடியிலேயே குடியிருந்தாள், கணவனின் அக்கா. எப்போதும் தூக்கியே இருக்கும் புருவம், குறை சொல்லத் தயாராகச் சுழித்த உதடு, மூக்கோரம் ஒரு மச்சம். குடும்பப் படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மெனக்கெட்டு வேலை செய்தாள். கொஞ்சம் பச்சை பூசியதைத் தவிர பெரிதாக எதையும் மாற்றவில்லை. தேவைப்படவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். கூடவே ஒரு கேள்வி. இவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதே, நிஜ மனுஷியின் முகமா? அப்படியென்றால் அந்த அம்மாளே வீடியோவில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முகத்தை வேறு யாராவது செய்வார்கள்.

அவள் முதலில் புருஷனிடம் சொன்னாள்.

"அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. நான் கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினான் அந்த மாவீரன்.

வேறு வழியில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க..."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். சுவர்க் கடிகாரமே பயந்து மெல்ல நடந்தது.

"நான்தானே இது?"

"ஆமா அண்ணி."

"பச்சையா இருக்கேன்."

"சதுப்பு நிலம் அண்ணி. ஈரம்."

"இவ என்ன பண்ணுவா?"

"வர்றவன் போறவனையெல்லாம் சபிப்பா. அப்புறம் ஹீரோ வந்து அடிப்பான். செத்துடுவா."

"எத்தனை அடியில?"

"ஒண்ணு."

"ஒண்ணா?" நாத்தனாரின் புருவம் படத்தில் இருந்ததைவிட உயரே போனது. "என்னையா? மாமியாரு, மூணு ஓரகத்தி, அத்தனை பேரையும் சமாளிச்சு நிமிர்ந்தவ நான். அந்தப் பொடிப்பய ஒரு தட்டு தட்டினா சுருண்டு விழுந்துடுவேனா? போடு அவங்களுக்கு போனை!"

மேனேஜர் வியர்த்து வழிந்தபடி மொழிபெயர்க்க, நாத்தனார் பத்து அடியில் பேரத்தைத் தொடங்கினாள். அந்தப் பக்கத்து ஆள் சிரித்துச் சிரித்து ஒன்றிலிருந்து நாலுக்கு ஏறி வந்தான். சம்மதம் கிடைத்தது. முகமும் தேறியது, பீப்பாயக்காவும் தேறினாள்.

ஆனால் நாலு அடி என்றால் சும்மாவா? ஒவ்வோர் அடிக்கும் ஒரு புது முகம் வேண்டும். வீங்கின கன்னம், கறுத்த கண், போன பல் என்று எல்லா வேலையும் அவள் தலையில்தான். நாத்தனார் மேற்பார்வைக்கென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கன்னம் பத்தாதுடி. இன்னும் நல்லா வீங்கட்டும். அடிச்சா அடிச்ச மாதிரி இருக்க வேணாமா?"

"சரிங்க அண்ணி" என்றாள் அவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாத்தனார் ஏவிய எந்த வேலையையும் அவள் இவ்வளவு மனமொப்பிச் செய்ததில்லை.