ஆடியில் படகு கிடையாது

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்துக் கடலைப் பார்த்தால் யாரும் ஏமாந்து போவார்கள். கரையில் மணலைக் கண்ணில் அள்ளிப் போடுகிற அளவுக்குக் காற்றடிக்கும். தண்ணீரோ அலையே இல்லாமல் குளம் போலக் கிடக்கும். நானும் ஒருமுறை ஏமாந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்றைக்குச் செய்த காரியத்துக்காக வெட்கப்படுகிறேன் என்று நான் எழுதுவேன் என எங்கள் வீட்டில் யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். கடலுக்குள் போனதற்கு எனக்கு இன்றுவரை வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டையில் இருக்கிறது. திருநெல்வேலி ரோட்டிலேயே அப்பாவின் மளிகைக் கடை. பனங்காட்டிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம் எங்களுடையது. பைக்கில் அரைமணி தூரத்தில் கடல் இருந்தும் அதற்கும் எங்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அப்பாவைப் பொறுத்தவரை கடல் என்பது கருவாடு வருகிற இடம். திருச்செந்தூர் போனால்கூட என்னை முழங்காலுக்கு மேல் நனையவிட மாட்டார். பின்னாலிருந்து பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அப்பாவின் கடைசித் தங்கை பிறந்திருந்தாள். என் அத்தை. விளையாட்டு டீச்சருக்குப் படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் விசில் ஊதிவிட்டு, ஒருநாள் அந்த வேலை வேண்டாம் என்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தருவைகுளம் பக்கம் கடற்கரையை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று போட்டாள். ஆறு கயாக் படகு, பத்துப் பன்னிரண்டு சைக்கிள், ஒரு வாலிபால் வலை. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வருடம் முழுவதும் விளையாட்டு என்று வாசலில் பெரிய பலகை. அந்தப் பலகையை அவளே பெயிண்ட் அடித்து எழுதினாள். மார்கழி, தையில் பூநாரை பார்க்க நடை. மாசியிலிருந்து வைகாசி வரை கயாக், நீச்சல், வாலிபால். மழை மாதங்களில் ஓடையில் தூண்டில். ஆனி, ஆடி, ஆவணிக்கு நேரே மட்டும் சிவப்பு எழுத்து: படகு கிடையாது. சைக்கிள், பட்டம் மட்டும்.

சாகுபுரத்துக் கம்பெனிக் குடியிருப்பிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு பெண் இதையெல்லாம் நடத்துகிறாள் என்பதை முதலில் நம்பாமல், “ஓனர் எங்கம்மா?” என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அத்தை இடுப்பில் கை வைத்து நின்று, “சொல்லுங்க” என்பாள். எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அப்பா இதற்குச் சும்மா சம்மதித்துவிடவில்லை. கடையில் நாலு பேருக்கு முன்னால் வைத்து அத்தையிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். அவளுடைய படகில் ஏறி ஒரே ஒரு ஆள் கடலில் மாட்டிக்கொண்டாலும் போதும், அன்றைக்கே கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அத்தை தயங்காமல் சரி என்றாள். தன் காற்றையும் தன் படகையும் பற்றி அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. வீட்டுக்குள்ளேயே நான் ஒருத்தி இருப்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிறுதோறும் அத்தையின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு நானும் போவேன். கொட்டகைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம், படகைத் தொடக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். சட்டத்தில் ஓட்டை இருந்தது. மணலில் கிடக்கும் படகைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதில் உட்கார்ந்து வெறுங்காற்றில் துடுப்புப் போட்டுப் போட்டே நான் பல தடவை இலங்கைக்குப் போய்த் திரும்பியிருந்தேன்.

அந்த ஆடி ஞாயிறன்று மதுரையிலிருந்து இரண்டு குடும்பம் வந்தது. படகு கிடையாது என்றதும் அவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதிலொரு பெரியவர் கடலைக் கையால் காட்டி, “தண்ணி தட்டுல ஊத்தி வச்ச மாதிரி கெடக்கு, இதுக்குப் போயி பயப்படுறீங்களே” என்றார். அத்தை காது கொடுக்கவில்லை. “இது கச்சான் காத்து சார். இங்க பாக்க ஒண்ணும் தெரியாது” என்று சொல்லி, ஆளுக்கொரு சைக்கிளைக் கொடுத்து உப்பளத்து வரப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சைக்கிள் எனக்கு வேண்டாம் என்று முரண்டுபிடித்து ஒரு பையன் மட்டும் தன் அம்மாவோடு கொட்டகையில் தங்கிவிட்டான். என்னைவிட ஒரு வயது மூப்பு இருப்பான். நெற்றியில் புத்தம்புது நீச்சல் கண்ணாடி. அவன் அம்மா நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டாள். அவன் பலகையை ஓர் எழுத்து விடாமல் படித்தான். பிறகு என்னைப் பார்த்து, “வருசம் முழுக்கன்னு மேல எழுதிட்டுக் கீழ கெடையாதுன்னு எழுதியிருக்கீங்க. ஏமாத்து. ஒங்க அத்தைக்குப் பயம். பொம்பள நடத்துற எடம் இப்பிடித்தான்” என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அறைந்திருந்தால் எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவோ நல்லதாகப் போயிருக்கும். நான் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். கொட்டகைக்கு வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த மஞ்சள் படகைப் புரட்டி, தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனேன். “ஏய், ஏய்” என்று பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

படகு போயிற்று. எப்படிப் போயிற்று என்கிறீர்கள்! நான் துடுப்பை ஒருமுறை போட்டால் அது பத்து முறை போட்டதுபோல் ஓடியது. மணலில் உட்கார்ந்து பழகியதெல்லாம் வீண்போகவில்லை என்று நினைத்தேன். என் கைகளில் இவ்வளவு பலம் இருப்பது தெரியாமல் பள்ளிக்கூடத்தில் என்னை நோஞ்சான் என்று கூப்பிடுகிறார்களே என்று ஆத்திரமாகக்கூட வந்தது. முதுகில் கச்சான் காற்று கையை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்று அது. கரையோரத்தில் அலை எழும்பாமல் அமுக்கி வைத்திருப்பதும் அதேதான். கடலோரத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் தெரிந்துகொள்வார்கள். மளிகைக் கடைப் பிள்ளைக்கு எங்கே தெரியப் போகிறது? நான் தண்ணீரைத்தான் பார்த்தேன்.

போதும், அவன் பார்த்திருப்பான் என்று திரும்பினேன். கொட்டகை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. துடுப்புப் போட்டேன். தீப்பெட்டி பெரிதாகவில்லை. இன்னும் வேகமாகப் போட்டேன். அது இன்னும் சிறிதாயிற்று. இவ்வளவு தூரத்தில் அலையும் எழும்ப ஆரம்பித்திருந்தது. முகத்தில் உப்புத்தண்ணீர் அறைந்தது. வேறு படகே கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன, ஊர் முழுக்க மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தது. நான் அழவில்லை. இதை இப்போதும் அடித்துச் சொல்வேன். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால் முதுகை நேராக வைத்துக்கொண்டு துடுப்பை விடாமல் போட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போன பிறகு இன்னொரு மஞ்சள் படகு தெரிந்தது. அத்தை. பையன் உப்பளத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான், அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. அத்தை என்னைத் திட்டவில்லை. படகை என் படகோடு சேர்த்து, கயிற்றால் இரண்டையும் கட்டினாள். முதல் முடிச்சு நிற்கவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். அவளே துடுப்புப் போட்டும் நாங்கள் கரைக்கு நெருங்கவில்லை. இன்னும் உள்ளே போகாமல் இருக்க மட்டும் முடிந்தது.

கடைசியில் ஒரு வள்ளம் வந்தது. சேதி கேட்டுப் பூசையிலிருந்து எழுந்து ஓடிவந்த ஒருவர், வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியோடு இன்ஜினைப் பிடித்துக்கொண்டு நின்றார். மார்பு வரை நனைந்திருந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு, படகுகளைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏளா, கடலப் பாத்தா எறங்குவாவ? காத்தப் பாத்துல்லா எறங்கணும்.” அவ்வளவுதான்.

கரையில் அப்பா நின்றார். பலகையில் இரண்டு போன் எண்கள் இருந்தன. ஒன்று அத்தையுடையது, மற்றது எங்கள் கடையுடையது. பையனின் அம்மா பதறிப்போய் இரண்டாவது எண்ணுக்குப் போன் செய்துவிட்டாள். பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். காதில் பென்சில் செருகியபடியே இருந்தது.

அவர் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டாள். “நான்தான் கூட்டிட்டுப் போனேன் அண்ணே. கயித்துல கட்டித்தான் போனோம், பாருங்க. அந்தம்மா விவரம் தெரியாம ஒங்களுக்குப் போன் போட்டுட்டாவ.”

அப்பா கயிற்றைப் பார்த்தார். வள்ளக்காரரைப் பார்த்தார். அவர் குனிந்து தன் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்பாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. அவர் அதை நம்பத்தான் விரும்பினார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. திட்டியிருப்பார், சட்டத்தை இன்னும் இறுக்கியிருப்பார், அதோடு முடிந்திருக்கும்.

என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் அந்தப் பையன் நிற்கிறான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியத்தை அவன் கண் முன்னாலேயே அத்தை தன்னுடையதாக்கிக்கொள்கிறாள். எவ்வளவு அநியாயம்!

“பொய்!” என்று கத்தினேன். “நான் தனியாத்தான் போனேன். நானா படக எடுத்துட்டுப் போனேன். அத்தை பொறவுதான் வந்தாவ!”

காற்று பலகையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அத்தையைப் பார்த்து, “ஏளா, சொன்ன வாக்கு ஞாபகம் இருக்கா? பூட்டு” என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். “படக வெளிய போட்டது என் தப்பு. படகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுதேன். கொட்டகையப் பூட்ட மாட்டேன் அண்ணே.”

அப்பாவிடம் மாட்டேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. “அப்பம் என் வீட்டு வாசப்படிய மிதிக்காத” என்றார் அப்பா. சத்தம் போடாமல்தான் சொன்னார். பெரியவர்கள் வழக்கமாகப் பேசிக்கொள்கிற ஏதோ ஒன்று என்று நினைத்து நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைப் பிளந்து என்னையே பார்த்தான். அந்த மகிழ்ச்சி எனக்கு இரண்டு நாள் தாங்கியது.

புதன்கிழமை அப்பா கடையில் இருந்த நேரமாகப் பார்த்து அத்தை ஒரு லோடு ஆட்டோவோடு வந்தாள். வாசலில் செருப்பை விடாமல் தெருவிலேயே நின்றாள். அம்மாதான் அவளுடைய பெட்டியையும் பாயையும் ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக் கொடுத்தாள். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி எல்லாம் டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். அத்தை இனிக் கொட்டகையிலேயே இருக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பொறாமை பொங்கியது. காலையில் கண் விழித்தால் கடல், படகு, சைக்கிள். ஸ்கூலுக்குப் போக வேண்டாம். யாருக்குக் கிடைக்கும்? நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என்னை இழுத்து உள்ளே விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏறுமுன் அத்தை ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் முகவாயைப் பிடித்தாள். “நீ தனியாத்தான் போன. யாரு கேட்டாலும் அதையே சொல்லு, என்னா?” என்றாள்.

ஆக, ஒப்புக்கொண்டுவிட்டாள். அன்றைக்குக் கரையில் சொன்னது பொய்தான் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். ஆட்டோ திருநெல்வேலி ரோட்டில் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்று, பெரிய மனசு பண்ணி, நான் என் அத்தையை மன்னித்தேன்.